54 வயதில் அயோர்ட்டிக் வால்வு மாற்று: உலோகமா, திசுவா?

மரவேலைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 54. இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாயிலில் இருக்கும் அயோர்ட்டிக் வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் எனக்குப் பிறவியிலேயே இரண்டுதான். அது தெரியாமலேயே இத்தனை வருடம் மரம் இழைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த இதழ்களில் சுண்ணாம்பு படிந்து, வால்வு திறக்க மறுக்கிறது. பலகையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது. மாற்றியே ஆக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அறுவை நிபுணர் நல்ல மனிதர்தான். ஆனால், "உங்கள் வயதுக்கு உலோக வால்வும் வைக்கலாம், திசு வால்வும் வைக்கலாம், வீட்டில் கலந்து பேசிச் சொல்லுங்கள்" என்று முடிவை என் தலையில் கட்டிவிட்டார். உலோகம் என்றால் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை ஆயுள் முழுக்க. விலங்கின் திசுவால் செய்தது என்றால் சில வருடங்கள் கழித்து மறுபடியும் அறுவை. இரண்டில் எது குறைந்த துன்பம்? வைத்துக்கொண்டவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம்.

டிக்டிக் எழுதியது:

தம்பி, உங்களுடையது அயோர்ட்டிக், என்னுடையது இதயத்தின் இடப்பக்க அறைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் என் வால்வைத் தின்றுவிட்டது. முப்பதுகளின் நடுவில் உலோக வால்வு வைத்தார்கள். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன். அதே வால்வு, நெஞ்சை மறுபடி யாரும் திறக்கவில்லை. என் கட்சி எது என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

வார்ஃபரினைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். மாத்திரை விழுங்குவதில் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் அதைச் சுற்றி இருப்பதில்தான். இரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்றொரு இரத்தப் பரிசோதனை உண்டு. மருந்து எடுக்காதவர்களுக்கு அது 1 அளவில் இருக்கும். எனக்கு 2.5 முதல் 3.5 வரை வைத்திருக்கச் சொல்கிறார்கள். அயோர்ட்டிக் இடத்தில் இரத்தம் வேகமாகப் பாய்வதால் அங்கே உறைந்து கட்டியாகும் வாய்ப்பு குறைவு; வேறு சிக்கல் இல்லாதவர்களுக்கு 2 முதல் 3 வரை போதும். தொடக்கத்தில் அடிக்கடி ஊசி குத்துவார்கள். அளவு நிலைப்பட்ட பிறகு மாதம் ஒருமுறை அளவில் வந்து நிற்கும். விரல் நுனியில் ஒரு துளி எடுத்து வீட்டிலேயே பார்க்கும் கருவியும் இருக்கிறது.

எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவராகவே இருந்தாலும், நான் சொல்லும் முதல் வாக்கியம் "வார்ஃபரின் எடுக்கிறேன்" என்பதுதான். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல் போன்ற சாதாரண மருந்துகள் ஐஎன்ஆரைச் சரசரவென்று ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதைக் கீழே தள்ளிவிடும். கடையில் நாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகளில் பலவற்றை மறந்துவிட வேண்டியதுதான். கீரையை விலக்கச் சொல்லும் அறிவுரை ஒன்று எங்கும் சுற்றுகிறது. விலக்க வேண்டாம், ஒரே அளவில் சாப்பிடுங்கள். ஒரு வாரம் குவித்துவிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருந்தால்தான் வம்பு.

சத்தமா? கேட்கும். முதல் சில மாதம் தூங்க விடவில்லை. இப்போது கேட்காவிட்டால்தான் பயப்படுவேன், அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. சத்தம் மங்கி, கூடவே மூச்சும் வாங்கினால் வால்வில் இரத்தம் உறைந்திருக்கலாம். அப்போது இந்தத் தளத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இரண்டாம்சுற்று எழுதியது:

அண்ணன் சொன்னதில் தவறில்லை, ஆனால் மறுபக்கத்தையும் கேளுங்கள். எனக்கு 49 வயதில் அயோர்ட்டிக் இடத்தில் மாட்டின் இதய உறையால் செய்த திசு வால்வு வைத்தார்கள். முதல் மூன்று மாதம் வார்ஃபரின், பிறகு தினம் ஒரு சிறிய ஆஸ்பிரின். அவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறை எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை. ஐஎன்ஆர் என்ற எழுத்துகளையே மறந்திருந்தேன். மலையேற்றம் போனேன், கீழே விழுந்தேன், எழுந்தேன்.

61 வயதில் வால்வு இறுகத் தொடங்கியது. இரவோடு இரவாக நின்றுவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. எக்கோவில் அழுத்தம் வருடத்துக்கு வருடம் ஏறுவது தெரிந்தது. தயாராக நேரம் கிடைத்தது. தொடை இரத்தக்குழாய் வழியாகக் குழாயைச் செலுத்தி, பழைய வால்வுக்கு உள்ளேயே புதிய வால்வைப் பொருத்தினார்கள். நெஞ்சைத் திறக்கவில்லை. அந்த வாரமே வீடு திரும்பினேன்.

ஆகவே "மறுபடியும் அறுவை" என்பதை முதல் அறுவையின் இன்னொரு நகலாகக் கற்பனை செய்துகொண்டு பயப்படாதீர்கள். மூன்றாவது முறை என்ன செய்வார்கள் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அதை நான் என் மருத்துவரிடம் கேட்டபோது அவர் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

டிக்டிக் எழுதியது:

தங்கச்சி, அந்தக் காகிதம் அடுக்கிய இடத்தில்தான் என் கேள்வியே இருக்கிறது. 54 வயதில் திசு வைத்தால் 66 அல்லது 68 வயதில் இரண்டாவது. அவர் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், எண்பதுக்குப் பக்கத்தில் மூன்றாவது. அந்த வயதில் யார் உடல் தாங்கும்?

எண்கள்மட்டும் எழுதியது:

இருவரும் சொந்தக் கதை சொல்லிவிட்டீர்கள். கொஞ்சம் எண்களும் பார்ப்போம்.

2020இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் அயோர்ட்டிக் வால்வுக்கு 50 வயதுக்குக் கீழே உலோகம், 65க்கு மேலே திசு, இடைப்பட்டவர்களுக்கு ஆளைப் பார்த்து முடிவு என்கிறது. 2021இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் 60க்குக் கீழே உலோகத்தின் பக்கம் சாய்கிறது. அதாவது உங்கள் 54 வயது ஒரு கண்டத்தில் "யோசியுங்கள்", இன்னொரு கண்டத்தில் "உலோகம்". மைட்ரல் வேறு கதை. அங்கே திசு வால்வு சீக்கிரம் கெடுகிறது என்பதால் 65 வயது வரைகூட உலோகத்தையே முன்வைக்கிறார்கள். டிக்டிக் ஐயாவின் அனுபவத்தை அப்படியே அயோர்ட்டிக் வால்வுக்குப் பொருத்தக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஆய்வுகளில் இரண்டு முக்கியம். 2014இல் வெளியான நியூயார்க் மாநில ஆய்வு, 50 முதல் 69 வயதுக்குள் அயோர்ட்டிக் வால்வு மாற்றியவர்களைப் பார்த்தது. 15 வருடத்தில் உயிர்பிழைப்பில் வித்தியாசம் இல்லை. மறு அறுவை திசு வைத்தவர்களில் 12.1 சதவீதம், உலோகம் வைத்தவர்களில் 6.9 சதவீதம். பெரிய இரத்தப்போக்கு நேர்மாறு: திசுவில் 6.6, உலோகத்தில் 13. கவனியுங்கள், உலோகம் என்றால் மறு அறுவையே கிடையாது என்பதும் பொய். தழும்புத் திசு வளர்ந்து இதழை மறிக்கலாம், கிருமித் தொற்று வரலாம்.

இரண்டாவது, 2017இல் வந்த கலிபோர்னியா ஆய்வு. அதில் 45 முதல் 54 வயதுப் பிரிவில் 15 வருட இறப்பு, திசு வைத்தவர்களில் 30.6 சதவீதம், உலோகம் வைத்தவர்களில் 26.4 சதவீதம். 55 முதல் 64 வரையிலான பிரிவில் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. உங்களுக்கு 54. அடுத்த பிறந்தநாளுக்குப் பிறகு அறுவை செய்துகொண்டால் வேறு பிரிவுக்குப் போய்விடுவீர்கள்! கேலிதான், தள்ளிப்போடாதீர்கள். இந்த எல்லைகளெல்லாம் கணக்குப் போட வசதியாக வரைந்த கோடுகள். உடலுக்குள் அப்படி ஒரு கோடு இல்லை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 1967இல் டொனால்ட் ராஸ் என்ற அறுவை நிபுணர் தொடங்கியது. நோயாளியின் சொந்த நுரையீரல் தமனி வால்வை எடுத்து அயோர்ட்டிக் இடத்தில் வைத்து, காலியான இடத்தில் இறந்தவர் தானமாகத் தந்த வால்வைப் பொருத்துவார்கள். தேர்ந்த கைகளில் அருமையான முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் ஒரு வால்வு நோயை இரண்டு வால்வு நோயாக்கும் அறுவை அது. அதையே தொடர்ந்து செய்துவரும் இடத்தில் மட்டும் கேளுங்கள்.

மரவேலைக்காரன் எழுதியது:

எண்களைப் படித்ததும் தலை சுற்றுகிறது, வால்வினாலா என்று தெரியவில்லை. மூன்று கேள்விகள். என் தொழிலில் உளியும் ரம்பமும்தான் கைகள். வார்ஃபரின் எடுத்துக்கொண்டு இந்த வேலை செய்யலாமா? இரத்தப் பரிசோதனையே தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்திருப்பதாக என் மைத்துனர் சொல்கிறார், உண்மையா? தொடை வழியாக வால்வு வைக்க முடியும் என்றால் எனக்கு முதல் தடவையே அப்படி வைத்தால் என்ன?

இதயவியல்_மருத்துவர் எழுதியது:

முதலில் ஒரு எச்சரிக்கை. உங்கள் எக்கோவையோ சிடி ஸ்கேனையோ நான் பார்க்கவில்லை. பொதுவாகத்தான் பேச முடியும்.

புதிய மாத்திரைகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் அதிகம். டாபிகாட்ரான், அபிக்சபான் முதலியவை இதயத் துடிப்புக் கோளாறுக்கு அருமையான மருந்துகள். உலோக வால்வுக்கு அவை கூடாது. டாபிகாட்ரானை உலோக வால்வு வைத்தவர்களிடம் சோதித்த ஆய்வில் உறைகட்டிகளும் அதிகம், இரத்தப்போக்கும் அதிகம் என்று பாதியில் நிறுத்தினார்கள். 2013இல் அது வெளியானது. வார்ஃபரின் அளவைக் குறைத்தாலும் தாங்கும் என்று பெயர் வாங்கிய ஆன்-எக்ஸ் வால்விலேயே அபிக்சபானைச் சோதித்தார்கள். அதையும் 2022இல் நிறுத்த வேண்டி வந்தது. உங்கள் மைத்துனர் நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் கேட்காதீர்கள். அந்த ஆன்-எக்ஸ் வால்வை அயோர்ட்டிக் இடத்தில் வைத்தவர்களுக்கு முதல் மூன்று மாதம் கழித்து, ஆஸ்பிரினோடு சேர்த்து, ஐஎன்ஆரை 1.5 முதல் 2 வரை வைக்க அனுமதி இருக்கிறது. வார்ஃபரின் குறையலாம், விலகாது.

தொடை வழி வால்வை 2002இல் பிரான்சில் அலென் கிரிபியே முதன்முதலாக மனிதருக்கு வைத்தார். வயதானவர்களுக்கு அது இன்று பெரிய வரம். உங்கள் வயதில், அதுவும் இரண்டு இதழ் வால்வில், முதல் தேர்வாக அதை நான் சொல்ல மாட்டேன். அதுவும் திசு வால்வுதான், அதுவும் கெடும். இரண்டு இதழ் உள்ளவர்களைப் பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்திருந்தன. இன்னொன்று: இரண்டு இதழ் வால்வு உள்ளவர்களில் கணிசமானோருக்கு அந்த வால்விலிருந்து கிளம்பும் பெருந்தமனியான அயோர்ட்டாவும் வீங்கியிருக்கும். அது 4.5 சென்டிமீட்டரை எட்டியிருந்தால் வால்வு அறுவையின்போதே சேர்த்துச் சரிசெய்வது வழக்கம். தொடை வழியில் அதற்கு இடமில்லை. சிடியில் அயோர்ட்டாவின் அளவு என்ன என்று கேளுங்கள். உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஒரு எக்கோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இது குடும்பத்தில் வரக்கூடியது.

தொழில். கையில் உளி பட்டால் வழக்கத்தைவிட அதிக நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வார்ஃபரின் எடுக்கும் தச்சர்கள் இருக்கிறார்கள். என் கவலை உளி இல்லை, ஏணி. உயரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால் மூளைக்குள் இரத்தம் கசியும். அது உயிருக்கே ஆபத்து. நீங்கள் பட்டறையிலேயே வேலை செய்பவரா, கட்டடங்களில் சாரத்தில் ஏறுபவரா?

இனி, நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று. திசு என்று முடிவெடுத்தால் "எத்தனை மில்லிமீட்டர் வால்வு வைப்பீர்கள்?" என்று அறுவை நிபுணரிடம் கேளுங்கள். பின்னாளில் உள்ளே இன்னொரு வால்வைச் செருக வேண்டுமானால் வெளி வால்வில் இடம் இருக்க வேண்டும். 19 அல்லது 21 மில்லிமீட்டர் வால்வுக்குள் இன்னொன்றைச் செருகினால் இரத்தம் போகும் வழி குறுகி, அழுத்தம் தங்கிவிடும். வழி சிறியதாக இருந்தால் அயோர்ட்டாவின் வேர்ப்பகுதியை ஒட்டுப்போட்டு அகலப்படுத்திப் பெரிய வால்வு வைக்க முடியும். அதை முதல் அறுவையில்தான் செய்ய வேண்டும். இரண்டாவது சிகிச்சை எளிதா கடினமா என்பது பெருமளவு முதல் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

நிலா27 எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். எனக்கு 27 வயது, மைட்ரல் வால்வு, திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. வயதை மட்டும் பார்த்தால் எனக்கு உலோகம்தான் என்கிறார்கள். ஆனால் குழந்தை வேண்டும்.

வார்டு_நர்ஸ் எழுதியது:

நிலா, உனக்கு வயதுக் கணக்கு மட்டும் போதாதம்மா. வார்ஃபரின் தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போகும். கர்ப்பத்தின் 6ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம் வரை உறுப்புக் குறைபாட்டு ஆபத்து அதிகம். தினம் 5 மில்லிகிராமுக்குள் கட்டுப்படுகிறவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு, இல்லாமல் போகாது. அதற்குப் பதில் இரத்த உறைவைத் தடுக்கும் இன்னொரு மருந்தான ஹெபாரினை ஊசியாகப் போட்டால் குழந்தைக்கு நல்லது. ஆனால் வால்வில் உறைகட்டி வரும் ஆபத்து தாய்க்குக் கூடுகிறது. திசு வைத்தால் இந்தச் சங்கடம் இல்லை. அதற்கு விலை, இளவயதில் திசு வால்வு வேகமாகக் கெடுவது. முப்பதுகளிலேயே மறுபடி படுக்க வேண்டி வரலாம்.

நான் உன் இடத்தில் இருந்தால் இந்த இரண்டையும் பேசுவதற்கு முன், வால்வை மாற்றாமல் பழுதுபார்க்க முடியுமா என்றுதான் கேட்பேன். மைட்ரல் வால்வில் அது பல நேரம் முடியும். ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட வால்வில் கடினம், ஆனாலும் கேள். மகப்பேறு மருத்துவரையும் இதய மருத்துவரையும் ஒரே நாளில், ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசு. உன்னை மணக்கப்போகிறவரும் அங்கே இருக்கட்டும்.

இதயவியல்_மருத்துவர் எழுதியது:

நர்ஸ் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. நிலா, தனி இழை தொடங்குங்கள். உங்கள் கேள்வி இதற்குள் புதைந்துவிடக் கூடாது.

இயற்கைவழி எழுதியது:

வார்ஃபரின் எலி விஷம். என் உறவினர் ஒருவர் அதை நிறுத்திவிட்டு மூலிகைச் சாறு குடிக்கிறார், நன்றாகவே இருக்கிறார். இரத்தம் தானாக இளகும்.

வார்டு_நர்ஸ் எழுதியது:

எலி விஷமாக விற்றதும் உண்மை, 1954 முதல் மனிதர்களுக்கு மருந்தாக இருப்பதும் உண்மை. அளவுதான் வேறு. உலோக வால்வு வைத்துக்கொண்டு வார்ஃபரினை நிறுத்தியவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். வாய் கோணி, கை விழுந்து, பேச்சு வராமல் வருவார்கள். உங்கள் உறவினர் இன்று நன்றாக இருப்பது அவருடைய அதிர்ஷ்டம். மூலிகையின் திறமை இல்லை. தயவுசெய்து இன்றே அவரை ஐஎன்ஆர் பார்க்க அழைத்துப் போங்கள். மூலிகைகளில் சில ஐஎன்ஆரை ஏற்றும், சில இறக்கும், எது எவ்வளவு என்று பாட்டிலில் எழுதியிருக்காது.

டிக்டிக் எழுதியது:

மரவேலைத் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கே எல்லோரும் வால்வைப் பற்றியே பேசுகிறோம், ஆளைப் பற்றிப் பேசவில்லை. இப்போது இரத்த அழுத்தத்துக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா? எடுத்தால், ஒழுங்காகவா?

மரவேலைக்காரன் எழுதியது:

வணக்கம். இது அவருடைய கணக்குதான், எழுதுவது அவருடைய மனைவி. நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார், அதனால் நான் எழுதுகிறேன். மாத்திரை இருக்கிறது. நான் எடுத்துக் கையில் கொடுத்தால் போடுவார். நான் ஊரில் இல்லாத வாரம் அட்டை அப்படியே இருக்கும். வெளியூர் வேலை என்று போனால் பல நாள் வர மாட்டார், அங்கே மருத்துவமனையும் கிடையாது, ஆய்வகமும் கிடையாது. டாக்டர் ஐயா கேட்ட சாரம், ஏணி எல்லாம் உண்டு. கூரை வேலைதான் அவருக்குப் பிடித்த வேலை.

டிக்டிக் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. நான் உலோகக் கட்சி என்று முதலிலேயே சொன்னேன். என் வால்வு இத்தனை வருடம் ஓடியதற்குக் காரணம் அதன் கார்பன் இதழ்கள் மட்டும் இல்லை. நான் நேரம் தவறாதவன், பரிசோதனைக்கூடம் என் தெருவிலேயே இருக்கிறது. இவை இரண்டும் இல்லாதவருக்கு என் வால்வை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எண்கள்மட்டும் எழுதியது:

அவசரப்படாதீர்கள். மாத்திரை போடாதது மாற்றிக்கொள்ளக்கூடிய பழக்கம். நெஞ்சைத் திறந்த பிறகு ஆள் மாறிவிடுவதை நிறையப் பார்க்கிறோம். அந்தப் பழக்கத்தை வைத்து 15 வருட இறப்பு வித்தியாசத்தைத் தூக்கி எறிவதா? வீட்டிலேயே பார்க்கும் ஐஎன்ஆர் கருவியை வெளியூருக்கும் எடுத்துப் போகலாம்.

இரண்டாம்சுற்று எழுதியது:

கருவியை எடுத்துப் போகலாம், எடுத்துப் போகிறவராக இருந்தால். இரத்த அழுத்த மாத்திரை அட்டையையே வீட்டில் விட்டுப் போகிறவரைப் பற்றிப் பேசுகிறோம். நீங்கள் சொல்லும் 26.4 சதவீதம், ஆய்வில் இருந்த எல்லோருக்குமான சராசரி. அதில் ஒழுங்காக வார்ஃபரின் எடுத்தவர்களும் இருந்தார்கள், எடுக்காதவர்களும் இருந்தார்கள். இவர் எந்தப் பக்கம் என்பதை அவர் மனைவி சொல்லிவிட்டார்.

எண்கள்மட்டும் எழுதியது:

அது நியாயமான வாதம். இருந்தாலும் 54 வயதுக்குத் திசு என்பது எனக்கு உறுத்துகிறது.

இதயவியல்_மருத்துவர் எழுதியது:

உறுத்துவது சரிதான். வயது குறையக் குறையத் திசு வேகமாகச் சுண்ணாம்பாகிறது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இன்னும் வேகம். சுண்ணாம்பு படிவதைத் தடுக்கும் விதமாகப் பதப்படுத்திய புதிய திசுக்கள் வந்திருக்கின்றன, தொடக்க ஆண்டுகளின் முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் 20 வருடம் ஓடியதைக் காட்ட முதலில் 20 வருடம் ஓட வேண்டும். விற்பனைத் துண்டுப் பிரசுரத்தை நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மறுபக்கம், வார்ஃபரின் ஐஎன்ஆர் ஏறி இறங்கித் தள்ளாடும் நோயாளிக்கு உலோக வால்வு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. ஏறினால் இரத்தப்போக்கு, இறங்கினால் பக்கவாதம். எல்லைக்குள் எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் உலோக வால்வின் வெற்றியைத் தீர்மானிக்கிறது. நோயாளியிடம் நாங்கள் வயதைக் கேட்டுவிட்டு, அவர் எப்படி வாழ்கிறார் என்பதைக் கேட்க மறந்துவிடுகிறோம். டிக்டிக் ஐயா கேட்டுவிட்டார்.

இன்னும் ஒன்றைச் சரிபாருங்கள். ஏற்கெனவே நிரந்தரமான துடிப்புக் கோளாறு இருந்து, எப்படியும் ஆயுள் முழுக்க இரத்த உறைவு எதிர்ப்பு மருந்து தேவை என்றால் கணக்கு மாறலாம். அறுவைக்குப் பிறகு சில நாட்கள் துடிப்பு தாறுமாறாவது பலருக்கு நடக்கும், அதைச் சொல்லவில்லை.

மரவேலைக்காரன் எழுதியது:

இப்போது எழுதுவது நான்தான். என் மனைவி எழுதியதைப் படித்தேன், அதில் மறுக்க ஒன்றும் இல்லை.

நேற்று அறுவை நிபுணரைப் பார்த்தோம். டாக்டர் சொன்ன கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன். அயோர்ட்டா 4.1 சென்டிமீட்டர், இப்போதைக்குத் தொட வேண்டாம், கண்காணிக்கலாம் என்றார். துடிப்பு சீராக இருக்கிறது. வால்வு அளவைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். சிடி கணக்குப்படி 21 பொருந்தும் என்றார். பிறகு உள்ளே இன்னொன்று வைக்க அது போதுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் படத்தை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, வேரை அகலப்படுத்தினால் 25 வைக்க முடியும், அதனால் அறுவை நேரம் கூடும், ஆபத்தும் சிறிது கூடும், ஆனால் தான் செய்து பழகியதுதான் என்றார். நான் கேட்டிருக்காவிட்டால் 21 வைத்திருப்பீர்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

திசு என்று சொல்லிவிட்டேன். வேரை அகலப்படுத்தி, 25. மேசையில் நெஞ்சைத் திறந்த பிறகு அது முடியாது என்று தெரிந்தால் உலோகத்துக்கு மாற எனக்குச் சம்மதமா என்றும் கேட்டார். நானும் மனைவியும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, சம்மதம் என்று கையெழுத்துப் போட்டோம். அப்படி நடந்தால் கூரை வேலையை விட்டுவிடுவேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

எண்கள்மட்டும் எழுதியது:

நான் உலோகம்தான் வைத்திருப்பேன். ஆனால் இரண்டாவது திட்டத்துக்கும் சேர்த்து யோசித்துக் கையெழுத்துப் போட்டதைப் பாராட்டுகிறேன்.

வார்டு_நர்ஸ் எழுதியது:

பல்லைப் பார்த்துவிட்டீர்களா? எந்த வால்வானாலும் ஈறிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறி அதில் குடியேறலாம். சொத்தைப் பல் இருந்தால் அறுவைக்கு முன்பே பிடுங்கி, புண் ஆறட்டும். பிறகும் ஆயுள் முழுக்க, பல் பிடுங்குவது, ஈறைக் கிளறிச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளுக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி எடுக்க வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் நீடித்தால், இரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பாமல் எந்த நுண்ணுயிர்க்கொல்லியையும் நீங்களாக விழுங்காதீர்கள். கிருமி மறைந்துகொள்ளும், எங்களுக்குப் பிடிபடாது.

மரவேலைக்காரன் எழுதியது:

கடைவாயில் ஒன்று சொத்தைதான். வெள்ளிக்கிழமை பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. வாங்கியது மனைவி.